கல்வீட்டில் குளிர்காய்வது எப்படி?

நம் நாட்டில் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் கவலை. அறையின் அளவைச் சொல்லி, அதற்கு எத்தனை குதிரைத்திறன் உள்ள குளிரூட்டி வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கிராமங்களில் இதே கேள்வி தலைகீழாக எழுகிறது. அங்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வீட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டும். உறைபனி அதிகம் இல்லை. ஆனால், அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று ஓயாமல் வீசும். வெப்பநிலை 5 பாகை செல்சியசாக இருந்தாலும் அந்த ஈரம் எலும்புவரை ஊடுருவும்.

அக்கிராமங்களில் உள்ள பழைய பண்ணை வீடுகளின் சுவர்கள் ஏறத்தாழ அரை மீட்டர் பருமன் உடையவை. கல்லை அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டியிருப்பார்கள். இவ்வளவு பருமனான சுவர் வெப்பத்தைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. கல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த கல் இன்னும் விரைவாகக் கடத்தும். புதிய வீடுகளில் இரண்டு அடுக்குச் சுவர்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அதில் வெப்பக்காப்புப் பொருளை நிரப்பலாம். பழைய கல்சுவரில் அந்த இடைவெளியே கிடையாது.

முன்னாளில் இவ்வீடுகளுக்குக் கணப்பு அடுப்பே துணை. சதுப்பு நிலத்தின் கரிமண்ணைச் செங்கல் வடிவில் வெட்டி, வெயிலில் உலர்த்தி எரித்தார்கள். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தீப்பற்றி நமக்குப் புகைமூட்டத்தை அனுப்புவதும் இத்தகைய கரிமண்தான். திறந்த கணப்பில் எரியும் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். அதோடு, சதுப்பு நிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கரியும் காற்றில் கலக்கிறது. எனவே, அரசு நிறுவனமான போர்ட் நா மோனா 2021இல் கரிமண் வெட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் அதன் விற்பனைக்கும் கட்டுப்பாடு வந்தது. வெட்டும் உரிமை உள்ள குடும்பங்கள் மட்டும் தங்கள் தேவைக்கு இன்றும் வெட்டிக்கொள்கின்றன.

கணப்பை அடுத்து வந்தது மண்ணெண்ணெய்க் கொதிகலன். இன்று அந்நாட்டின் கிராமப்புறங்களில் இதுவே பரவலாக உள்ளது. கொதிகலனில் சூடாக்கிய நீர் குழாய்கள் வழியே ஓடி, ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டர் என்னும் உலோகத் தகடுகளைச் சூடேற்றும். அந்நீரின் வெப்பம் 70 பாகைவரை இருப்பதால் தகடு சிறியதாக இருந்தாலும் அறை விரைவில் சூடாகும். ஆனால், எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மற்ற அறைகளைப் பூட்டிவிடுகிறார்கள்.

இப்போது அரசு மானியம் கொடுத்து ஊக்குவிப்பது வெப்பப் பம்பு. பெயர் புதிதானாலும் பொருள் நமக்குப் பழகியதே. நம் வீட்டுக் குளிரூட்டி அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெளியில் உள்ள பெட்டியின் அருகே நின்றால் சூடான காற்று முகத்தில் அடிக்கும். வெப்பப் பம்பு அதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறது. குளிர்ந்த காற்றிலும் வெப்பம் உண்டு. அதைத் திரட்டி வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

இதன் சிறப்பு, வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவது. ஒரு வீட்டிற்கு ஆண்டுக்கு 15,000 அலகு வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலகு மின்சாரத்திற்கு மூன்று அலகு வெப்பம் கிடைத்தால், 5,000 அலகு மின்சாரம் போதும். ஆனால், நீரை 40 பாகை அளவில் சூடாக்கும்போதுதான் பம்பு இவ்வாறு சிக்கனமாக இயங்கும். வெப்பம் கசியும் கல்வீட்டில் அந்த இளஞ்சூடு போதாது. நீரின் வெப்பத்தை 60 பாகைக்கு ஏற்றினால் கிடைப்பது இரண்டு மடங்கை நோக்கிக் குறையும். அப்போது 7,500 அலகு வேண்டியிருக்கும். மின்சாரம் மண்ணெண்ணெயைவிட விலை கூடியது என்பதால், மிச்சம் பிடிக்க வந்த இயந்திரமே செலவை ஏற்றிவிடும்.

ஆகவே, இயந்திரத்தைத் தேடும் முன் கூரையைப் பார்ப்பதே அறிவுடைமை. காப்பில்லாத கூரை வழியாக ஏறக்குறைய கால் பங்கு வெப்பம் வெளியேறுகிறது. பரணில் 300 மில்லிமீட்டர் கனத்தில் வெப்பக்காப்பு விரிப்பது மலிவான வேலை. கதவு, சன்னல் இடுக்குகளை அடைப்பதும் அப்படியே.

சுவரில் கைவைக்கும்போதுதான் கவனம் தேவை. சுண்ணாம்பு பூசிய கல்சுவர் மழையீரத்தை உறிஞ்சி, பிறகு மெல்ல வெளியேற்றும். அதன்மேல் சிமெண்டைப் பூசினாலோ, நீராவி புகாத பலகையை ஒட்டினாலோ ஈரம் உள்ளேயே சிறைப்படும். சில ஆண்டுகளில் உட்சுவரில் பூசணம் படரும். மர உத்தரங்களின் முனைகள் உளுத்துப்போகும். வெப்பத்தைக் காக்கச் செய்த வேலை வீட்டையே கெடுத்துவிடும். இத்தகைய சுவருக்குச் சுண்ணாம்போடு சணல் தக்கை போன்றவற்றைக் கலந்த பூச்சே பொருந்தும். செலவு அதிகம், காய்வதற்கும் நாளாகும். ஆயினும் சுவர் மூச்சுவிடும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025 ஜனவரி 24ஆம் நாள் இயோவின் புயல் அயர்லாந்தைத் தாக்கியது. காற்று மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 7 இலட்சத்து 68 ஆயிரம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. மேற்குக் கிராமங்கள் சிலவற்றில் அது திரும்ப இரண்டு வாரத்திற்கும் மேலானது. வெப்பப் பம்பு மட்டும் நின்றுபோகவில்லை. மண்ணெண்ணெய்க் கொதிகலனும் நின்றது, ஏனெனில் அதைப் பற்றவைக்கவும் நீரைச் சுற்றவிடவும் மின்சாரம் வேண்டும். கதவுள்ள இரும்பு விறகடுப்பு இருந்த வீடுகளில்தான் நெருப்பு எரிந்தது.

இவ்வகை அடுப்பு, திறந்த கணப்பைவிடப் பன்மடங்கு வெப்பத்தை அறைக்குத் தரும். விறகின் ஈரம் 20 விழுக்காட்டிற்குக் கீழ் இருக்க வேண்டும். அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கூரையையும் சுவரையும் சீர்செய்து முடித்த வீட்டிற்கு வெப்பப் பம்பு நல்ல தேர்வு. தகடுகளைப் பெரிதாக்கி, ஒரேயோர் அறையில் சிறிய விறகடுப்பையும் விட்டுவைத்தால் புயல் நாளிலும் சமாளிக்கலாம். சீர்செய்யப் பணம் போதாத வீட்டிலோ, பழைய கொதிகலன் இன்னும் சில குளிர்காலம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, இருக்கும் பணத்தில் முதலில் பரணுக்குக் காப்பு விரிக்கலாம்.