மைத்தொட்டி ஒளிப்பட அச்சுப்பொறி

மைத்தொட்டி ஒளிப்பட அச்சுப்பொறி என்பது, மீண்டும் மீண்டும் மை நிரப்பத்தக்க தொட்டிகளைக் கொண்டு, எண்ணிம ஒளிப்படங்களைத் தாளில் அச்சிடும் மைப்பீச்சு அச்சுப்பொறி ஆகும். கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறிய மைக்கூடு தீர்ந்ததும் அதனை அகற்றிப் புதியதைப் பொருத்துவது பழைய முறை. மைத்தொட்டி வகையில், புட்டியில் வரும் மையைப் பயனரே தொட்டியில் ஊற்றிக்கொள்கின்றார். இதனால் ஒரு படத்துக்கு ஆகும் மைச்செலவு பெரிதும் குறைகின்றது. எனினும், நெடுநாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மை உலர்ந்து அச்சுத்தலை அடைத்துக்கொள்வது இவ்வகையின் முதன்மையான குறையாகும். ஆகவே, வீட்டில் எவ்வளவு அடிக்கடி படம் அச்சிடப்படும் என்பதே இதனை வாங்குமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஆகும்.

வரலாறு

மைப்பீச்சு அச்சிடலில் இரு வழிகள் பரவலாக உள்ளன. முதலாவது வெப்ப முறை. 1977 இல் சப்பானின் கேனான் நிறுவனத்தில், சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியின் மீது பட்டபோது மை பீறிட்டது. இந்நிகழ்வே அந்நிறுவனத்தின் வெப்ப முறை ஆய்வுக்குத் தூண்டுதலாயிற்று. அமெரிக்காவின் எச்பி நிறுவனம் 1984 இல் திங்செட் என்னும் வெப்ப மைப்பீச்சு அச்சுப்பொறியை வெளியிட்டது. இரண்டாவது அழுத்தமின் முறை. எப்சன் நிறுவனத்தின் அச்சுப்பொறிகள் இம்முறையைச் சார்ந்தவை.

அச்சுப்பொறியைக் குறைந்த விலைக்கு விற்று, மைக்கூட்டின் விற்பனையில் இலாபம் ஈட்டுவது இத்துறையின் நெடுங்கால வணிக முறையாக இருந்தது. சவர அலகைக் கொண்டு இலாபம் பார்க்கும் சவரக்கத்தி வணிகத்துக்கு இது ஒப்பிடப்படுவதுண்டு. ஆசிய நாடுகளின் பயனர்கள் இதற்குத் தாமே மாற்று வழி கண்டனர். காலியான மைக்கூட்டில் ஊசியால் மை ஏற்றினர். அச்சுப்பொறியின் பக்கத்தில் மைப்புட்டிகளை வைத்து, மெல்லிய குழாய்களின் வழியே மைக்கூட்டுக்கு மை செலுத்தும் அமைப்புகளையும் பொருத்தினர். இந்தியாவின் ஒளிப்பட நிலையங்களிலும் கணினி மையங்களிலும் இவ்வமைப்பு பரவியிருந்தது. குழாய் கசிதல், நிறம் பிறழ்தல், உத்தரவாதம் இழத்தல் ஆகியன இதன் குறைகள்.

இவ்வழக்கத்தையே நிறுவனங்கள் பின்னர் ஏற்றுக்கொண்டன. எப்சன் நிறுவனம் தொழிற்சாலையிலேயே தொட்டி பொருத்திய அச்சுப்பொறியை 2010 அக்டோபரில் முதன்முதலாக இந்தோனேசியாவில் அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டு அது இந்தியாவுக்கும் வந்தது. கேனான் நிறுவனத்தின் சி வரிசை 2015 இலும், எச்பி நிறுவனத்தின் சிடி வரிசை 2016 இலும் வெளிவந்தன. இம்மாற்றத்தால் அச்சுப்பொறியின் விலை கூடியது. மையின் விலை இறங்கியது.

தொழிற்படும் முறை

தொட்டியிலிருந்து மெல்லிய குழாய்களின் வழியே மை அச்சுத்தலையை அடைகின்றது. அச்சுத்தலையின் அடியில், கண்ணுக்குப் புலனாகாத நூற்றுக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. வெப்ப முறையில், நுண்ணிய சூடேற்றி மையில் ஆவிக்குமிழியை உண்டாக்க, அது மைத்துளியை வெளியே தள்ளுகின்றது. அழுத்தமின் முறையில், மின்னழுத்தம் தரும்போது வடிவம் மாறும் ஒரு பொருள் மையறையை நெருக்கித் துளியை வெளியேற்றுகின்றது.

துளியின் அளவு பைக்கோலிட்டரில் கூறப்படும். ஒரு பைக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. எப்சன் எல்-805 அச்சுப்பொறியின் மிகச் சிறிய துளி 1.5 பைக்கோலிட்டர் ஆகும். துளி சிறிதாக இருந்தால் முகத்தின் தோல், வானம் முதலிய மென்னிறப் பகுதிகளில் புள்ளிகள் தனித்துத் தெரிவதில்லை.

நிறங்களும் மை வகைகளும்

பொதுப் பயன்பாட்டு அச்சுப்பொறிகளில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் உண்டு. ஒளிப்பட அச்சுப்பொறிகளில் பெரும்பாலும் ஆறு மைகள் இருக்கும். எல்-800, எல்-805 ஆகியவற்றில் வெளிர் சியான், வெளிர் மெஜந்தா ஆகியன கூடுதலானவை. கேனான் சி-570 இல் சிவப்பும் சாம்பலும் கூடுதலாக உள்ளன. மென்னிறங்கள் படிப்படியாக மாறும் இடங்களில் ஆறு மைகளின் பயன் தெளிவாகப் புலப்படும்.

மையின் தன்மையைக் கொண்டு மூன்று வகைகளைக் குறிப்பிடலாம்.

சாய மை: நிறப்பொருள் நீர்மத்தில் முழுதும் கரைந்தது. பளபளப்புத் தாளில் நிறம் செறிவாகத் தோன்றும். ஒளியாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் காலப்போக்கில் மங்கும். வீட்டு ஒளிப்பட அச்சுப்பொறிகளில் பெரும்பாலும் இதுவே பயன்படுகின்றது.

நிறமி மை: நிறப்பொருள் கரையாத நுண்துகள்களாக மிதப்பது. நீரையும் ஒளியையும் கூடுதலாகத் தாங்கும். சில நான்கு நிற அச்சுப்பொறிகளில் கறுப்பு மட்டும் நிறமி மையாக இருக்கும். எழுத்துகளை அச்சிட இது மிக நன்று. ஆயினும், பளபளப்புத் தாளில் இக்கறுப்பு பயன்படாமல், ஏனைய மூன்று நிறங்களின் கலவையே கறுப்பாக அச்சாவதுண்டு. அப்போது கருமை சற்று வெளிறித் தோன்றும்.

பதங்கமாதல் மை: வெப்ப அழுத்தியால் பாலியெசுட்டர் துணிக்கும், மேற்பூச்சிட்ட கோப்பைக்கும் படத்தை மாற்றுவதற்கானது. இது ஒளிப்படத்துக்கு உரியதன்று. தூய பருத்தியில் இந்நிறம் நிலைப்பதில்லை. எனவே, அருகிலுள்ள திருப்பூரின் பருத்திப் பின்னலாடையில் அச்சிடலாம் என்று கருதி இம்மையை வாங்குவது பயன் தராது. ஒருமுறை இதனை நிரப்பிய அச்சுப்பொறியை மீண்டும் ஒளிப்பட மைக்கு மாற்றுவதும் எளிதன்று.

செலவுக் கணக்கு

எல்-800 வகைக்கு ஒரு தொகுதி மை என்பது ஆறு புட்டிகள். ஒவ்வொன்றிலும் 70 மில்லிலிட்டர் மை உண்டு. இதனைக் கொண்டு 4ஆர் அளவில் ஏறத்தாழ 1,800 படங்கள் அச்சிடலாம் என நிறுவனம் அறிவித்தது. அதாவது, 420 மில்லிலிட்டரை 1,800 ஆல் வகுத்தால், ஒரு படத்துக்கு 0.23 மில்லிலிட்டர் மை ஆகின்றது. எனவே, மைத்தொட்டி அச்சிடலில் மையைவிடத் தாளுக்கே கூடுதல் செலவாகும்.

ஆனால், இயந்திரத்தின் விலையையும் படங்களின் மீது பகிர்ந்து கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, இயந்திரத்தின் விலை 20,000 ரூபாய் எனவும், அது ஐந்து ஆண்டுகள் உழைக்கும் எனவும் கொள்வோம். ஆண்டுக்கு 100 படங்கள் அச்சிடும் வீட்டில் மொத்தம் 500 படங்கள். ஒவ்வொரு படத்தின் மீதும் 40 ரூபாய் ஏறும். ஆண்டுக்கு 1,000 படங்கள் அச்சிட்டால் அது 4 ரூபாயாகக் குறையும். தாளும் மையும் இதற்கு மேல். காதுகுத்து, திருமணம், பொங்கல் என ஆண்டில் சில நாள்கள் மட்டுமே படம் வேண்டும் குடும்பத்துக்கு ஒளிப்பட நிலையத்தில் அச்சிடுவதே மலிவானது. வீட்டிலிருந்தே தொழில் செய்வோர், பள்ளித் திட்டப்பணிகளுக்கு அடிக்கடி அச்சிடுவோர், ஒளிப்படக்கலை பயில்வோர் ஆகியோருக்கு மைத்தொட்டி ஏற்றது.

வாங்குமுன் நோக்க வேண்டியவை

- நான்கு நிறமா, ஆறு நிறமா. கறுப்பு சாய மையா, நிறமி மையா.
- தாளின் நான்கு ஓரங்கள் வரையிலும் விளிம்பின்றி அச்சிடுமா. எந்த அளவுத் தாள் வரை ஏற்கும்.
- தாள் பின்புறத்திலிருந்து நேராகச் செல்லுமா. தடித்த ஒளிப்படத்தாள் வளைந்து திரும்பும் பாதையில் சிக்கக்கூடும்.
- கழிவு மையை ஏற்கும் பெட்டியைப் பயனரே மாற்ற இயலுமா.
- உரிய மைப்புட்டி அண்மையில் கிடைக்குமா; பழுது நீக்கும் நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது.
- உத்தரவாதம் எத்தனை ஆண்டுகள் அல்லது எத்தனை பக்கங்கள் வரை. அச்சுத்தலை அதில் அடங்குமா.

அச்சிட்ட மாதிரி ஒன்றைக் கடையில் பார்த்து முடிவு செய்வது நன்று. மாதிரிப் படத்தில் பூக்களையும் வண்ணக் குடைகளையும்விட, மனிதத் தோலின் நிறத்தையும் சாம்பல் நிறப் பகுதிகளையும் நோக்கினால் இயந்திரத்தின் தரம் விளங்கும்.

தாளும் படக்கோப்பும்

சாதாரணத் தாளில் மை ஊறிப் பரவுவதால் படம் மங்கித் தோன்றும். ஒளிப்படத்தாளில் மையை உறிஞ்சி நிறுத்தும் மேற்பூச்சு உண்டு. தாளின் கனம் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எனக் குறிக்கப்படும். 180 முதல் 270 கிராம் வரையிலான தாள்கள் சந்தையில் எளிதாகக் கிடைக்கின்றன. கனம் மட்டுமே தரமாகாது. நெகிழிப்படலம் பூசிய தாள், மலிவான பளபளப்புத் தாளைவிட நெளியாமல் நெடுநாள் இருக்கும். அச்சிடும்போது மென்பொருளில் தாளின் வகையைச் சரியாகத் தெரிவு செய்ய வேண்டும். அதனைக் கொண்டே எவ்வளவு மை பீச்சுவது என்பதை அச்சுப்பொறி கணக்கிடுகின்றது. நிறம் பிறழ்ந்தது என்னும் முறைப்பாடுகளில் பல இவ்வொரு தெரிவினால் தீர்ந்துவிடும்.

அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் என்பது நல்ல அச்சுக்கான பொது அளவு. அதன்படி நான்குக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1,200 × 1,800 படப்புள்ளிகள் போதும். ஏ4 அளவுக்கு 2,480 × 3,508 படப்புள்ளிகள் தேவை. வாட்சப் முதலிய செயலிகள் பொதுவாகப் படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன. எனவே, பெரிய அளவில் அச்சிட மூலக்கோப்பையே பெறுதல் வேண்டும். 35 × 45 மில்லிமீட்டர் அளவுள்ள கடவுச்சீட்டு வகைப் படங்கள், ஒரு 4ஆர் தாளில் எட்டு அடங்கும்.

கருமத்தம்பட்டி வட்டாரச் சூழலும் பராமரிப்பும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில், கோவையிலிருந்து அவிநாசி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த கருமத்தம்பட்டியும், அண்மையிலுள்ள சோமனூரும் விசைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றவை. தறிக்கூடங்கள் பல வீடுகளை ஒட்டியே உள்ளன. இச்சூழல் மைப்பீச்சு அச்சுப்பொறியின் பராமரிப்பில் நேரடியாகத் தொடர்புடையது.

பஞ்சுத்தூசி: தறியிலிருந்து எழும் நுண்ணிய பஞ்சு இழைகள் தாளின் மீது படிந்தால், அவ்விடத்தில் மை படாமல் வெண்கீற்றுகள் தோன்றும். அச்சுத்தலையின் அடியில் ஒட்டிக்கொண்டால், மையை இழுத்துப் படத்தின் குறுக்கே கோடுகளை உண்டாக்கும். தாளுறிஞ்சும் உருளையில் படிந்தால் தாள் வழுக்கும். ஆகவே, பயன்படுத்தாதபோது அச்சுப்பொறியைத் துணியால் மூடி வைத்தலும், தாளைப் பின்தட்டிலேயே விட்டுவைக்காமல் உறையில் இட்டு வைத்தலும் இன்றியமையாதவை. ஆடி மாதக் காற்றில் இது மேலும் தேவைப்படும்.

மின்தடை: 2012 ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்தில் கடுமையான மின்பற்றாக்குறை நிலவியபோது கொங்கு மண்டலம் நாளில் பல மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. பின்னர் நிலைமை சீரடைந்தது. எனினும் இடையிடையே மின்தடை நேர்வதுண்டு. வேலை முடிந்ததும் அச்சுத்தலை, ஓரத்திலுள்ள ஈரமூடியின் மீது சென்று அமர்கின்றது. அச்சிடும்போது மின்சாரம் நின்றால் அச்சுத்தலை மூடப்படாமல் நடுவிலேயே நின்று உலரத் தொடங்கும். சுவரிலுள்ள மின்விசையை நேரடியாக அணைப்பதும் இதே தீங்கை விளைவிக்கலாம். எனவே, முதலில் அச்சுப்பொறியின் விசையை அழுத்தி, விளக்கு அணைந்தபின்னரே மின்விசையை அணைக்க வேண்டும். மைப்பீச்சு அச்சுப்பொறிக்கு மிகக் குறைந்த மின்திறனே தேவைப்படுவதால், வீட்டு மின்மாற்றியிலேயே இதனை இயக்கலாம். சீரொளி அச்சுப்பொறிக்கு இவ்வசதி பொருந்தாது.

வெப்பமும் ஈரமும்: பங்குனி, சித்திரை மாத வெப்பத்தில் நுண்துளைகளில் மை விரைவில் உலரும். வாரத்துக்கு ஒருமுறையேனும் எல்லா நிறங்களும் உள்ள சிறிய படம் ஒன்றை அச்சிடுதல் நன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தாள் ஈரம் உறிஞ்சி நெளியும். அச்சிட்ட படம் உலரவும் காலம் பிடிக்கும். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குமுன் ஒரு நாள் உலரவிட வேண்டும்.

அடைப்பு: கோடுகள் தோன்றினால் முதலில் நுண்துளைச் சோதனைத் தாளை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் ஓரிரு முறை தூய்மையாக்கல் செய்யலாம். பயனில்லையெனில் சில மணி நேரம் பொறுத்து மீண்டும் முயலலாம். தொடர்ந்து பலமுறை செய்தால் மை வீணாவதுடன், கழிவு மைப்பஞ்சும் விரைவில் நிரம்பும். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரால் அச்சுத்தலையைத் துடைத்தல் கூடாது; அதிலுள்ள உப்புகள் நுண்துளைகளில் படியும்.

மை நிரப்பல்: தொட்டியின் கீழ்க்கோட்டுக்கு மை இறங்குமுன் நிரப்ப வேண்டும். தவறினால் குழாயில் காற்று புகும். வெவ்வேறு நிறுவனங்களின் மைகளைக் கலத்தல் கூடாது. மை நிரம்பிய அச்சுப்பொறியைச் சாய்த்தோ, இருசக்கர வண்டியில் குலுக்கியோ எடுத்துச் சென்றால் மை கசியும்.

கழிவு மை: தூய்மையாக்கலின்போது வெளியேறும் மை ஒரு பஞ்சில் சேர்கின்றது. அது நிரம்பியதாக அச்சுப்பொறியின் கணக்கு காட்டும்போது இயக்கம் நின்றுவிடும். பஞ்சை மாற்றாமல் மென்பொருளால் கணக்கை மட்டும் அழித்தால், பின்னர் மை கசிந்து மேசையையும் இயந்திரத்தையும் கெடுக்கும்.

படங்களின் நீடிப்பு

வீட்டுச் சுவரில் மாட்டப்படும் பெரியோர் படம் பல பத்தாண்டுகள் இருக்க வேண்டும் என்பதே எவருடைய விருப்பமும் ஆகும். சாய மையில் அச்சிட்ட படம், வெயில் படும் சுவரில் திறந்த நிலையில் இருந்தால் சில ஆண்டுகளுக்குள் நிறம் மாறக்கூடும். கண்ணாடிச் சட்டமிட்டு, வெயில் நேரே படாத இடத்தில் மாட்டுவதாலும், படத்தொகுப்பேட்டில் வைப்பதாலும் அதன் வாழ்நாள் நீடிக்கின்றது. நெடுங்காலம் இருக்கவேண்டிய படத்தை நிறமி மையிலோ, ஒளிப்பட நிலையத்தில் வெள்ளி உப்புத் தாளிலோ அச்சிடுவது மேலானது.

பழைய குடும்பப் படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அளவில் வருடி, கோப்பை இரண்டு இடங்களில் சேமித்து, அதன் படியை அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். மூலப்படத்தை ஒளிபடாமல் உறையிலிட்டுக் காக்கலாம். சுவரிலுள்ள படி மங்கினால் இன்னொன்றை அச்சிட்டுக்கொள்ள இயலும். மூலம் மங்கினால் மீட்பது அரிது.