கல்லூரி, எம்.பி.ஏ. சேர்க்கை: தேனி மாவட்டம்

தமிழ்நாட்டில் பொறியியல், கலை, அறிவியல் படிப்புகளுக்கு பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது, எம்.பி.ஏ. படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் பகுதிகளில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு, மதிப்பெண்ணைப் போலவே உரிய நேரத்தில் பெறும் சான்றிதழும் முக்கியமானது.

பொறியியல் கலந்தாய்வு

கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200க்கு கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரியின் இடங்களும் இக்கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. தரவரிசைப்படியும் மாணவர் தந்த விருப்ப வரிசைப்படியும் இடம் ஒதுக்கப்படுவதால், மிகவும் விரும்பும் கல்லூரியையே முதலில் குறிப்பிட வேண்டும்.

கட்டணச் சலுகைகள்

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5% இட ஒதுக்கீடு உள்ளது. அவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரி சலுகை, கலந்தாய்வு மூலம் சேர்பவருக்கு மட்டுமே கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. ஒரு குடும்பத்தில் ஒருவரே இதைப் பெற முடியும். இதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல் முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

எம்.பி.ஏ. சேர்க்கை

மாநிலக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வும், 2011இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐ.ஐ.எம். போன்றவற்றுக்கு கேட் தேர்வும் எழுத வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். எனவே தமிழ் இலக்கியம் படித்தவருக்கும் தடையில்லை. ஆனால் பட்டப்படிப்பில் பொதுவாக 50%, சில பிரிவினருக்கு 45% மதிப்பெண் தேவை. ஆகவே எம்.பி.ஏ.வுக்கான தயாரிப்பு கல்லூரியின் முதல் பருவத் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது.