பென் டிரைவ் அல்ல, இ-சிகரெட்! டாங்க் கசிவதும் கருகுவதும் ஏன்?

பொங்கல் விடுமுறைக்கு இண்டூர் போயிருந்தபோது பக்கத்து வீட்டு மாமா கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரியில் படிக்கும் மகனுக்காக லேப்டாப் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "மாப்ள, பையன் பையில இருந்த பென் டிரைவைச் சொருகினா ஒண்ணும் வரமாட்டேங்குது. இப்ப அந்த ஓட்டையில மவுஸும் வேலை செய்யல. வைரஸா இருக்குமோ?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு முனையில் யு.எஸ்.பி. பிளக், மறுமுனையில் பிசுபிசுப்பான திரவத்துடன் சிறு குப்பி. மாம்பழ எசென்ஸ் வாசனை வேறு. அது பென் டிரைவ் அல்ல, இ-சிகரெட். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவர் கையிலும் இது சிக்கலாம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஏன் டிரைவ் தெரியவில்லை?

சாதாரண யு.எஸ்.பி. பிளக்கில் நான்கு இணைப்புகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. பென் டிரைவ் நான்கையும் பயன்படுத்தும். இந்தக் கருவி போர்ட்டில் வரும் 5 வோல்ட் மின்சாரத்தை மட்டும் எடுத்துத் தன் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளும். ஆகவே "திஸ் பிசி" விண்டோவில் புது டிரைவ் எதுவும் தோன்றாது.

வைரஸ் வருமா? தகவல் இணைப்பே இல்லாத கருவியில் இருந்து வர வழியில்லை. ஆனால் சில மாடல்களில் தகவல் இணைப்பும் சிப்பும் உண்டு. வெளியில் இருந்து பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. எனவே என்னவென்று தெரியாத எதையும் போர்ட்டில் சொருகாதீர்கள்.

டாங்க் எப்படி வேலை செய்கிறது?

கார்த்திகை விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அகலில் எண்ணெய், அதில் பஞ்சுத் திரி. திரி எண்ணெயை உறிஞ்சி நுனிக்குக் கொண்டுவரும். இங்கே அகலுக்குப் பதில் டாங்க், எண்ணெய்க்குப் பதில் புரொப்பலின் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிகோடின் கலந்த திரவம். தீக்குச்சிக்குப் பதில் பஞ்சுக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அதாவது காயில். இது பெரும்பாலும் நிக்கல், குரோமியம் போன்ற உலோகக் கலவை.

ஒரு சின்னக் கணக்கு. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். காயிலின் மின்தடை 1.4 ஓம் என்றால் 3 ஆம்பியர் மின்னோட்டம், 12.6 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதி! அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகிறது. புகை போலத் தெரிவது வெறும் நீராவி அல்ல, இந்த ரசாயனங்களின் நுண்துளிகள்.

கோளாறுகளும் காரணங்களும்

கசிவு: தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்தால், காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். டாங்க்கும் அப்படித்தான். மூடி சரியாக இறுகாவிட்டாலோ ரப்பர் வளையம் தேய்ந்தாலோ காற்று புகுந்து, திரவம் வெளியே வழியும். வெயிலில் திரவம் இளகும், உள்ளே இருக்கும் காற்றும் விரிந்து அதை வெளியே தள்ளும். ஊட்டி மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதற்கும் காற்று விரிவதுதான் காரணம்.

களகள சத்தம்: பஞ்சு தாங்கும் அளவுக்கு மேல் திரவம் சேர்ந்து நடுக்குழாயில் தேங்கிவிட்டது என்று அர்த்தம். இழுத்தால் திரவமே வாய்க்கு வரும்.

கருகல் நாற்றம்: எண்ணெய் வற்றினால் விளக்குத் திரி கருகுவது போலத்தான். பஞ்சு காய்ந்ததும் காயிலின் சூடு கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. அப்போது திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. இந்த ஆவியில் நிக்கல், குரோமியம், ஈயம் இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

விளக்கு மினுக்குவது: பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது கசிந்த திரவத்தால் காயில் இணைப்பு கெட்டிருக்கலாம். கருவி தொடாமலே சூடானால் பேட்டரியில் ஷார்ட் ஆகியிருக்கலாம், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

காயிலை மாற்றினால் கருகல் நிற்கும், வளையத்தை மாற்றினால் கசிவு நிற்கும். ஆனால் எந்தக் கோளாறும் இல்லாமல் ஒழுங்காக ஓடும்போதும் இந்தக் கருவி நிகோடினை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அதுதான் அதன் வேலை. எனவே இதை ரிப்பேர் செய்ய முயல வேண்டாம்.

தடை எப்போது வந்தது?

2003-ல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் உருவாக்கிய கருவியில் இருந்து இன்றைய இ-சிகரெட் வளர்ந்தது. தமிழ்நாடு அரசு 2018-ல் தடை விதித்தது. 2019-ல் மத்திய அரசின் சட்டம் நாடு முழுவதும் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடுத்தது. விற்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே யார் விற்றாலும், எந்த வெப்சைட்டில் விற்றாலும், அது சட்டவிரோதச் சரக்குதான். உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பு இல்லை. அமெரிக்காவில் 2019-ல் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தனர். திரவத்தில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட்டுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது.

போர்ட்டைச் சரிசெய்வது எப்படி?

1. லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றவும்.

2. பஞ்சு குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துளியாக நனைத்து, பிழிந்துவிட்டு, போர்ட்டின் உட்பக்கத்தை மெதுவாகத் துடைக்கவும். தண்ணீர், சானிடைசர் ஜெல், ஊசி வேண்டாம்.

3. அரை மணி நேரம் காயவிட்டு ஆன் செய்யவும்.

4. ஸ்டார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். மவுஸைச் சொருகினால் பட்டியலில் வர வேண்டும். வராவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போகவும்.

மாமா வீட்டு லேப்டாப்பில் மவுஸ் உடனே வேலை செய்தது.

கருவியை என்ன செய்வது?

டாங்க்கைத் திறக்காதீர்கள். திரவம் தோலில் பட்டாலே நிகோடின் உடலில் ஏறும், சோப்பு போட்டுக் கழுவவும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழைக்கவும். அடுப்பிலோ குப்பையிலோ போட்டால் பேட்டரி வெடிக்கலாம். பிளக் முனையில் டேப் ஒட்டி, தகர டப்பாவில் போட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடவும்.

அன்று மாமாவின் மகன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். "வெறும் வாசனை ஆவிதானேன்னு நினைச்சேன் அண்ணா. இப்ப ஒரு நாள் விட்டாலும் தலை வலிக்குது" என்றான். மாமா கையை ஓங்கியபோது தடுத்து, அகல் விளக்குப் படம் ஒன்றை வரைந்து இருவருக்கும் விளக்கினேன். நிறுத்தினால் தலை வலிப்பதே நிகோடின் பழக்கத்தின் அடையாளம் என்றும் சொன்னேன். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. அதை அவனே தன் போனில் பதிந்துகொண்டான், தகர டப்பாவையும் அவனே எடுத்துவந்தான்.

உங்கள் வீட்டிலும் டிரைவ் காட்டாத, இனிப்பு வாசனை வீசும் "பென் டிரைவ்" கிடைத்தால், முதலில் அதைப் போர்ட்டில் இருந்து எடுங்கள். பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள்.