உலகெங்கும் உண்டவர் ஊருக்குச் சொன்னது

பிறநாடு காணச் செல்வோர் பலர். கண்டதை ஊராருக்கு எடுத்துரைப்போர் சிலர். அவ்வளவில் அமையாது, ஊராரைத் தம் வாழ்க்கையையே ஆராய்ந்து பார்க்கச் செய்வோர் மிகச் சிலரே. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் பின்லாந்து தேசத்துப் பத்திரிகையாளர் ரிகு ரன்டாலா இம்மூன்றாம் வகையினர்.

2002ஆம் ஆண்டிலே அந்நாட்டுத் தொலைக்காட்சியில் 'மட்வெஞ்சர்ஸ்' என்னும் பயண நிகழ்ச்சி தொடங்கியது. முதுகிலே பையைச் சுமந்து, சிறுசெலவில் நாடு நாடாகத் திரிவோரின் கண்கொண்டு உலகைக் காட்டுவதே அதன் நோக்கம். இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், உதவியாளர் எனப் பலர் உடன்செல்வது வழக்கம். இங்கோ இருவரே சென்றனர். கமராவின் முன்னின்று பேசியவர் ரன்டாலா. அதனைத் தாங்கிப் பின்னின்றவர் அவருடைய நண்பர் துன்னா மிலோனொவ். பெருங்கூட்டம் வந்திறங்கினால் ஊரவர் நடிகராகி விடுவர்; இருவர் வந்தாலோ விருந்தினராக ஏற்று இல்லத்துள் அழைப்பர். அந்நிகழ்ச்சியின் உயிர்ப்புக்கு இதுவே காரணம் என்பது நமது கருத்து.

2005, 2009ஆம் ஆண்டுகளில் மேலும் இரு தொடர்கள் வெளிவந்தன. மூன்றாவது தொடர் ஆங்கிலத்தில் அமைந்து, பிறநாட்டாரையும் எட்டியது. இந்தியா, பப்புவா நியூகினி முதலிய நாடுகளை இவர்கள் கண்டனர். சென்ற இடங்களில் அவ்வவ்வூராரின் விசித்திர உணவை உண்டு காட்டும் பகுதியொன்றும் இருந்தது. கண்டோர் முகஞ்சுளித்தனர், சிரிக்கவும் செய்தனர். வெறும் வேடிக்கை என்று நாம் இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை.

2012இல் நண்பர் இருவரும் 'டொக்வெஞ்சர்ஸ்' என்ற புதிய நிகழ்ச்சியைப் பின்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான 'யூலெ'யில் தொடங்கினர். சிறந்த ஆவணப்படமொன்றைக் காட்டுவது, பின்னர் அதுபற்றி அறிஞரோடு உரையாடுவது, பார்ப்போரையும் அவ்வுரையாடலிற் சேர்ப்பது என்பதே அதன் முறை. தாம் உலகைச் சுற்றியது போதாதென்று, உலகின் பிரச்சினைகளை மக்களின் வரவேற்பறைக்கே கொண்டுவந்தனர் எனலாம்.

அதன் பயனாக 2013இல் 'புலாலில்லா ஒக்டோபர்' என்னும் இயக்கம் பிறந்தது. ஒரு மாதம் புலாலை விலக்கிப் பாருங்கள் என்பதே வேண்டுகோள். இது சமய நோன்பன்று. கால்நடைகளுக்கு வேண்டிய தீவனமும் நிலமும் பெரிது. அவை வெளிவிடும் மீதேன் வாயு பூமியை வெப்பமாக்குகிறது. பெரும் பண்ணைகளில் அவை படும் துன்பமும் உண்டு. இவையே காரணங்கள். அடுத்துவந்த ஆண்டுகளிலும் இவ்வியக்கம் தொடர்ந்தது.

உலகெங்கும் எதையும் உண்டவர் புலாலை விடச் சொல்வது முரண் அன்றோ எனச் சிலர் வினவக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கடையிலே பொதி செய்த இறைச்சியை மட்டும் அறிந்தவனுக்கு அதன் பின்னுள்ள உயிர் தெரிவதில்லை. உணவு எங்கிருந்து வருகிறது என்பதை ஊர் ஊராய்க் கண்டவனுக்கே அக்கேள்வி எழுகிறது.

தூரதேசங்களின் பெயர்களை மனனம் செய்யும் மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று. பயணத்தின் பயன் கடந்த தூரத்தில் இல்லை. திரும்பி வந்தபின் நமது சொந்த உண்கலத்தை எவ்வாறு நோக்குகிறோம் என்பதிலேயே உள்ளது.