மருந்துண்ணும் வாயில் மதுவோ?

கலியாண வீடொன்றின் பின்வளவில், நாற்காலியிற் சாய்ந்து வியர்த்துக் கிடக்கின்றார் ஒருவர். நாக் குழறுகின்றது, கைகள் நடுங்குகின்றன. "வெறி கூடிவிட்டது, கிடக்கட்டும், முறிந்ததும் எழும்புவார்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் பந்திக்குச் சென்றுவிடுகின்றனர். இத்தகைய காட்சியை நம்மிற் பலர் கண்டிருப்போம். ஆனால், அவர் நீரிழிவுக்கு மருந்துண்பவராயின், அது வெறும் வெறிதானா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தோமா?

நாம் உண்ணாதிருக்கும் வேளையில் இரத்தத்திலுள்ள சீனிச்சத்துக் குறைந்துபோகாமற் காப்பது ஈரலின் கடமைகளுள் ஒன்று. மது உள்ளே சென்றதும் ஈரல் அதனை மாற்றும் வேலையில் முனைகின்றது. புதிதாகச் சீனிச்சத்தை ஆக்கும் தொழில் தடைப்படுகின்றது. இன்சுலின் ஊசியோ, கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளோ ஏற்கெனவே சீனியைக் குறைத்துக்கொண்டிருக்க, வெறும் வயிற்றில் மதுவுஞ் சேர்ந்தால் ஆபத்துக்குக் கேட்பானேன்! அதனால் வரும் நடுக்கமும் குழறலும் பிறர் கண்ணுக்குக் குடிவெறியாகவே தோன்றும். கவனியாது விட்டால் வலிப்பும் மரணமுங்கூட நேரலாம்.

மதுவும் மருந்தும் பகைக்கும் விதத்தை விளக்க மருத்துவ வரலாற்றிற் சுவையான நிகழ்ச்சியொன்று உண்டு. டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் ஹால்ட், யாக்கோப்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், டைசல்பிராம் என்ற பொருள் குடற்புழுக்களுக்கு மருந்தாகுமோ என ஆராய்ந்தனர். தாமே அதனை உண்டும் பார்த்தனர். மது அருந்தியபோது முகம் சிவந்தது; நெஞ்சு படபடத்தது; குமட்டல் எடுத்தது. காரணம் பின்னர் விளங்கிற்று. ஈரல் மதுவை முதலில் அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப்பொருளாக மாற்றி, அதன்பின் அந்நஞ்சையும் முறிக்கின்றது. இவ்விரண்டாம் படியை அம்மருந்து தடுத்துவிடுகின்றது. 1948இல் இச்செய்தி வெளியாயிற்று. குடியை விட விரும்புவோருக்கு வைத்தியர்கள் அதனையே மருந்தாகக் கொடுக்கலாயினர்.

எல்லா மருந்துகளும் இவ்வாறு உடனே எச்சரிப்பதில்லை. ஓசையின்றிப் பகைப்பனவே பல. தூக்கக் குளிசையும், தடிமனுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமினும் மதுவோடு சேர்ந்தால் மூளையை மேலும் மந்தமாக்கும். விருந்து முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறியவர் வீடு சேராமலே போகலாம். தூக்கக் குளிசையின் அளவு கூடினால் மூச்சே அடங்கிவிடவுங் கூடும். அஸ்பிரினோடு மது சேர்ந்தால் இரைப்பையில் இரத்தங் கசியும் அபாயம் அதிகரிக்கும். யாவர் வீட்டிலுமுள்ள பரசிற்றமோல்கூட, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் அளவு மீறி உண்டால் ஈரலைச் சிதைத்துவிடும்.

"அப்படியாயின் இன்றைக்கு மட்டும் குளிசையை விட்டுவிடலாமே" என்பார் சிலர். இது பெருந்தவறு. டயசெபாம் போன்ற மருந்துகள் உடலில் நாட்கணக்கில் தங்குவன. ஒருநாள் விட்டதனால் ஆபத்து நீங்காது. வலிப்பு நோயாளி மருந்தை விடுவதோ வலிப்பை வலிந்து அழைப்பதாகும்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் அறியாமை மட்டுமன்று, வெட்கமுமாகும். "குடிப்பழக்கம் உண்டா?" என்று வைத்தியர் கேட்கும்போது கணவர் தலையை ஆட்டி மறுக்கின்றார், அருகில் நிற்கும் மனைவியும் குடும்ப மானங் கருதி மௌனஞ் சாதிக்கின்றாள். அந்த மௌனத்தை நம்பியே வைத்தியர் மருந்தெழுதுகின்றார். நோயாளி கூறுவதை வெளியிடாமற் காப்பது வைத்தியரின் தருமம். எனவே எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை என்பதை ஒளியாமற் சொல்லிவிடல் வேண்டும். அரிஷ்டங்களிலும் இருமற் பாணிகள் சிலவற்றிலும் மதுசாரம் உண்டாதலால், அவற்றை அருந்துவதையுங் கூறுதல் நன்று.

மீண்டும் அந்தக் கலியாண வீட்டிற்கு வருவோம். நாற்காலியிற் சாய்ந்திருப்பவர் நீரிழிவுக்காரராயின், அவரைத் தனியே விடலாகாது. நினைவோடு விழுங்கக்கூடியவராயின் சீனி கரைத்த தண்ணீரைப் பருகக் கொடுக்க வேண்டும். நினைவிழந்திருந்தால் வாயில் எதனையும் ஊற்றாது, ஒருக்களித்துக் கிடத்தி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க வேண்டும். வந்தவர்களிடம் அவர் உண்ணும் மருந்தையும் குடித்த மதுவையும் மறையாது கூறுக. மானம் பின்னர் தேடிக்கொள்ளக் கூடியது. போன உயிரோ மீளாது.