தொழிலகப் பயிற்சியும் வகுப்பறை மீள்வும்: விருத்தாசலம் செராமிக் தொழில்நுட்பக் கல்வியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பொறியியல் மாணவர் படிப்பின் இடையே தொழிலகத்தில் பயிற்சி பெற்று மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பும் கல்விமுறை நூறாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் உள்ளது. இம்முறையில் மாணவர் பெறும் பட்டறிவு எவ்வாறு துறையறிவாக மாறுகிறது என்பதை, விருத்தாசலத்தின் செராமிக் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பயிற்சியின் பயனை அதன் கால அளவு மட்டும் உறுதி செய்வதில்லை. பயிற்சிக்குப் பின் வகுப்பறைக்கு மீளும் வாய்ப்பும், தொழிலாளியின் தமிழையும் பாடநூலின் ஆங்கிலத்தையும் இணைக்கும் பதிவுமே அதனை உறுதி செய்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதன்மைச் சொற்கள்: தொழிலகப் பயிற்சி, சாண்ட்விச் முறை, செராமிக், உள்ளுறை அறிவு, கலைச்சொல், விருத்தாசலம்.

முன்னுரை

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலாலும் செராமிக் தொழிலாலும் அறியப்படும் ஊர். அருகிலுள்ள நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலுள்ள மண்ணடுக்குகளில் வெண்களிமண் கிடைப்பது இத்தொழிலுக்கு வாய்ப்பான சூழல். அகல் விளக்கு, பொம்மை, மின் பியூஸ் கட்டை முதலியவற்றைச் செய்யும் சிறு தொழிலகங்கள் இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் இயங்கி வருகின்றன. அதே ஊரில் செராமிக் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் உள்ளது. தொழிலும் கல்வியும் ஒரே ஊரில் அமைந்திருப்பதால், இவ்விரண்டுக்கும் இடையிலான உறவை ஆராய விருத்தாசலம் தகுந்த களமாகிறது.

கூட்டுக்கல்வி: சொல்லும் வரலாறும்

கல்வி நிறுவனமும் தொழிலகமும் இணைந்து நடத்தும் இம்முறை அமெரிக்காவில் 'கோ-ஆபரேட்டிவ் எஜுகேஷன்' எனப்படுகிறது. இதனைக் 'கூட்டுறவுக் கல்வி' என மொழிபெயர்த்தால் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய கல்வி என்னும் பொருள் மயக்கம் தமிழில் எழும். ஆதலின் இக்கட்டுரை 'தொழிலகக் கூட்டுக்கல்வி' என்னும் தொடரை ஆள்கிறது.

1906ஆம் ஆண்டு சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களைக் கொண்டு இம்முறையைத் தொடங்கினார். மாணவர் ஒரு வாரம் வகுப்பறையிலும் மறுவாரம் தொழிலகத்திலும் இருந்தனர். கனடாவில் 1957இல் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் இம்முறையையே தன் பொறியியல் கல்வியின் அடித்தளமாகக் கொண்டது. பிரித்தானிய மரபில் இதற்குச் 'சாண்ட்விச்' என்று பெயர். இரு கல்விப் பருவங்களுக்கு நடுவே பயிற்சியை வைப்பதால் அப்பெயர் அமைந்தது. தமிழகத்தில் கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் பொறியியல் பட்டப் படிப்புகள் இவ்வகையில் நன்கறியப்பட்டவை.

ஷ்னைடரின் திட்டத்தில் கவனிக்கத்தக்கது அதன் இடைவெளி. தொழிலகத்தில் எழுந்த ஐயத்தை மாணவர் மறுவாரமே ஆசிரியரிடம் கேட்க இயன்றது. அம்முறையில் தொழிலகத்துக்குச் செல்வதும் வகுப்பறைக்கு மீள்வதும் ஒரே கல்வியின் இரு பாதிகளாக இருந்தன.

பட்டயப் படிப்பின் அமைப்பு

தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் எம் திட்ட விதிமுறைகளில் முழுநேரப் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகளாக இருந்தது. சாண்ட்விச் பட்டயப் படிப்பு மூன்றரை ஆண்டுகளாக, அதாவது ஏழு பருவங்களாக இருந்தது. மூன்றாண்டுப் பாடங்களே மாற்றி அடுக்கப்பட்டு, நான்காம் பருவத்திலோ ஏழாம் பருவத்திலோ அல்லது இரண்டிலுமோ தொழிலகப் பயிற்சி அமைந்தது. ஒவ்வோர் ஆறு மாதப் பயிற்சியின் முடிவிலும் தேர்வு இருந்தது. செராமிக் தொழில்நுட்பம் இச்சாண்ட்விச் வகையைச் சேர்ந்த படிப்பாகும்.

இவ்வமைப்பில் நான்காம் பருவமும் ஏழாம் பருவமும் கால அளவால் ஒத்தவை. கல்விப் பயனால் ஒத்தவை அல்ல. நான்காம் பருவப் பயிற்சிக்குப் பின் இரு பருவங்கள் வகுப்பறையில் எஞ்சியுள்ளன. சூளையருகே கண்டதை ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க அவை இடமளிக்கின்றன. ஏழாம் பருவப் பயிற்சிக்குப் பின் மீள்வதற்கு வகுப்பறை இல்லை. தேர்வும் வேலை தேடலுமே உள்ளன. எனவே நான்காம் பருவம் கற்றலுக்கான பயிற்சியாகவும், ஏழாம் பருவம் பணிக்கான முன்னோட்டமாகவும் இயல்பாகவே பிரிந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே வகை அறிக்கையால் மதிப்பிடுவது இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

உள்ளுறை அறிவும் 'பதம்' என்னும் சொல்லும்

நாம் சொல்லக்கூடியதைவிட மிகுதியாக அறிந்திருக்கிறோம் என்னும் கருத்தை மைக்கேல் பொலானி 1966இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இவ்வாறு சொல்லில் முழுமையாக அடங்காத அறிவை உள்ளுறை அறிவு எனலாம். செராமிக் தொழிலில் இதற்குச் சிறந்த சான்று வார்ப்புக் களிக்கூழ்.

களிக்கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சும். அச்சுச் சுவரில் களி படிந்து கலத்தின் வடிவம் உருவாகும். கூழ் ஏற்றதாக இருக்கும் நிலையைக் குறிக்கத் தமிழில் 'பதம்' என்னும் ஒரு சொல் போதும். பாகுக்கும் சோற்றுக்கும் ஆளும் அதே சொல்தான் இது. பாடநூல் இதே நிலையை அடர்த்தி, பாகுநிலை, அசையாதிருக்கையில் கெட்டிப்பட்டுக் கலக்கினால் இளகும் தன்மை என மூன்றாகப் பிரிக்கிறது. குறிப்பிட்ட கொள்ளளவு கூழின் எடை முதலாவதைக் காட்டும். துளை வழியே அது வடியும் நேரம் இரண்டாவதைக் காட்டும். சிறிது நேரம் அசையாமல் வைத்தபின் வடியும் நேரம் எவ்வளவு கூடுகிறது என்பது மூன்றாவதைக் காட்டும்.

இரண்டு அறிவும் உண்மையானவை. ஒன்றை மற்றொன்றால் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. சோடியம் சிலிகேட்டைச் சிறிதளவு சேர்த்தால் நீரைக் கூட்டாமலே கூழ் இளகும். அளவு மிஞ்சினால் மீண்டும் கெட்டிப்படும். இளக வேண்டும் என்பதற்காக மேலும் மேலும் சேர்ப்பவரை எச்சரிப்பது பாடநூல். அதே கூழ் ஈரம் ஏறிய பழைய அச்சில் மெதுவாகப் படியும் என்பதைக் கையாலறிந்து, அச்சை மாற்றி உலரவைப்பவர் தொழிலாளி. மாணவர் இவ்விருவருக்கும் இடையில் நிற்கிறார். 'பதம் சரியில்லை' என்னும் தொடரைக் கேட்டதும், மூன்று அளவுகளில் எது பிறழ்ந்தது என வினவத் தெரிந்தவரே பயிற்சியின் பயனை அடைந்தவராவார்.

சூளையும் வினாவும்

சூளையை அவசரப்பட்டுத் திறக்கலாகாது என்பது தொழிலில் எவரும் அறிந்த எச்சரிக்கை. இதன் காரணம் வகுப்பறையில் உள்ளது. களிமண் கலவையில் எஞ்சியிருக்கும் குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரி செல்சியஸில் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது; குளிரும்போது அந்நிலையில் திடீரெனச் சுருங்குகிறது. கலத்தின் ஒரு பகுதி அவ்வெப்பநிலையைக் கடந்தும் மற்றொரு பகுதி கடவாமலும் இருந்தால் விரிசல் தோன்றும். கலத்தில் கிரிஸ்டோபலைட் உருவாகியிருப்பின் 220 டிகிரியையொட்டி இத்தகைய மற்றொரு மாற்றமும் நிகழும்.

விரிசல் விட்ட கலத்தைக் கழிவுக் குவியலில் எறிவது தொழிலகத்தின் தேவை. அதனை எடுத்து ஆராய்வது கல்வியின் தேவை. உற்பத்தி இலக்கால் நெருக்குண்ட சிறு தொழிலகம் அவ்வாராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. அக்கலம் வகுப்பறைக்கு வர வேண்டும். உடைந்த கலம், அது சூளையில் இருந்த இடம், சூளை குளிர்ந்த நேரம் ஆகிய மூன்றும் ஐந்தாம் பருவ வகுப்புக்கு வருமாயின் 573 என்னும் எண் மனப்பாடத்துக்குரியதாக மட்டும் நில்லாது.

பயிற்சிப் பதிவேட்டின் மொழி

பயிற்சிப் பதிவேடும் அறிக்கையும் ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்படும்போது, தொழிலாளி தமிழில் சொன்னது அவற்றில் இடம்பெறும் வாய்ப்புக் குறைகிறது. மாணவர் பாடநூல் வரையறைகளைப் படியெடுத்துப் பக்கங்களை நிரப்பும் நிலையும் ஏற்படுகிறது. பாடநூலில் முன்பே உள்ளது மீண்டும் எழுதப்படுகிறது. பாடநூலில் இல்லாதது எழுதப்படாமலே போகிறது.

தமிழுக்கு இத்துறை புதியதன்று. திருக்குறளின் 660ஆம் குறள் சுடாத மட்கலத்தைக் குறிக்கப் 'பசுமை' அடையை ஆள்கிறது. ஆங்கிலச் செராமிக் துறையும் சுடாத கலத்தைப் பச்சை நிறச் சொல்லால் 'கிரீன் வேர்' என்றே வழங்குகிறது. இரு மொழிகளும் ஒரே உவமையில் சந்திக்கும் இவ்விடம், கலைச்சொல்லாக்கத்துக்கு அகராதியோடு தொழிற்களமும் ஊற்றாகலாம் என்பதைக் காட்டுகிறது.

ஆகவே பதிவேட்டில் மூன்று நிரல்கள் அமைவது பயனுடையது. முதல் நிரலில் தொழிலாளி சொன்னது அவர் சொல்லிலேயே இடம்பெறலாம். இரண்டாம் நிரலில் மாணவர் கண்டதும் அளந்ததும். மூன்றாம் நிரலில் பாடநூல் விளக்கம். மூன்றாம் நிரல் வெறுமையாக இருப்பின் அது குறையன்று. அதுவே ஐந்தாம் பருவத்துக்குரிய வினா. இத்தகைய பதிவேடுகள் ஆண்டுதோறும் சேருமாயின் செராமிக் தொழிற்சொல் தொகுதி ஒன்று உருவாகும். இப்பணியில் தமிழாய்வாளருக்கும் பங்குண்டு.

முடிவுரை

தொழிலகக் கூட்டுக்கல்வியை மாதக் கணக்கால் மட்டும் அளப்பது போதாது. நான்காம் பருவப் பயிற்சி, தன்பின் வரும் வகுப்பறையோடு இணைக்கப்படும்போதே சாண்ட்விச் என்னும் பெயருக்குப் பொருள் உண்டு. விருத்தாசலத்தில் சூளைக்கும் வகுப்பறைக்கும் இடையிலான தொலைவு சிறிது; அவற்றின் மொழிகளுக்கு இடையிலான தொலைவே பெரிது. அத்தொலைவை மாணவர் தனியே கடக்குமாறு விடாமல், பதிவேட்டின் வழியாகவும் ஐந்தாம் பருவப் பாடத்தின் வழியாகவும் கல்வி நிறுவனமே பாலம் அமைக்க வேண்டும். இல்லையேல் மூத்த தொழிலாளர் ஓய்வு பெறும்போது அவர்தம் அறிவும் அவர்களோடு நீங்கும். மாணவரிடம் சான்றிதழ் மட்டுமே எஞ்சும்.