பத்திரம் பதிவாகிவிட்டால் வீடு நம்முடையதா?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு வீடு பார்த்துவிட்டீர்கள். விலையும் படிந்துவிட்டது. "இ.சி. நில் சார், பத்திரமெல்லாம் கிளியர். நாளைக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க" என்கிறார் தரகர். போடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

பதிவுத் துறை பதிவு செய்வது பத்திரத்தைத்தான். விற்பவரின் உரிமைக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. அரசு நிலம், கோயில் நிலம் போன்ற சிலவற்றைப் பதிய சார்பதிவாளர் மறுக்கலாம். மற்றபடி, விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று முடிவு செய்வது அவர் வேலை அல்ல. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

அப்படியானால் இ.சி. எதற்கு? வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல்) அவசியம்தான். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் அவ்வப்போது மாறியிருப்பதால், பழைய பத்திரம் எந்த அலுவலகத்தில் பதிவானது என்று பார்த்து அங்கேயும் தேடச் சொல்லுங்கள். ஆனால் பதிவாகாத எதுவும் அதில் வராது. பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாரிசுகளின் பங்கு, தனியாரிடம் மூலப்பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்று இவையெல்லாம் அதற்கு வெளியே இருக்கலாம். அதனால்தான் அசல் பத்திரங்களைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் சந்தேகப்படுங்கள். தொலைந்துவிட்டது என்றால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றும் பத்திரிகை அறிவிப்பும் கேளுங்கள்.

அப்பா காலமானார், பிள்ளைகள் விற்கிறார்கள். மகன்கள் கையெழுத்து போதாதா? இந்தப் பகுதியின் பழைய தனி வீடுகளில் அடிக்கடி இடறுவது இங்கேதான். இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் எல்லோருக்கும் சம பங்கு. "தங்கச்சிக்கு நகை போட்டு அனுப்பியாச்சு, அவ கேக்க மாட்டா" என்பார்கள். போட்ட நகை அவருடைய பங்கை அழிக்காது. ஒன்று, அவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; அல்லது முன்பே விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம்) பதிந்திருக்க வேண்டும். வாரிசுச் சான்றில் உள்ள ஒரு பெயர்கூட விடுபடக் கூடாது. மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும்; அதற்கு மாதங்கள் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டு வசதி வாரிய வீட்டை பவரில் (பொது அதிகார ஆவணத்தின் பேரில்) தருகிறார்களே? பவர் வைத்திருப்பவர் உரிமையாளர் அல்ல, அவருடைய முகவர். பவரும் ஒப்பந்தமும் மட்டும் எழுதிக்கொண்டால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்த்துவிட்டது. ஒதுக்கீடு பெற்றவர் பெயருக்கு வாரியம் கிரயப் பத்திரம் கொடுத்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது. ஆகவே அவர் உயிரோடு இருப்பதற்கான சான்று வேண்டும். முடிந்தால் ஆளையே நேரில் பாருங்கள்.

மனையாக வாங்குகிறீர்களா? அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. வரன்முறை விதிகள் 2017இல் வந்தன. சி.எம்.டி.ஏ. அனுமதி எண்ணோ வரன்முறை ஆணையோ இல்லாத மனையை வாங்கினால், திரும்ப விற்பதும் கட்டட அனுமதி வாங்குவதும் கடினம். ஏரிகள் நிறைந்த பகுதி இது. சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கில் வருகிறதா என்று தாலுகா பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். ஒரு மழைக்காலத்தில் போய் தெருவையும் பாருங்கள். எந்த ஆவணமும் சொல்லாததை அது சொல்லும்.

பட்டா இருந்தால் போதுமா? போதாது. அது வருவாய்த் துறைக் கணக்கு. தனியே உரிமையை நிரூபிக்காது. எந்த அலுவலகம் என்பதிலும் குழப்பம் வரும். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில், 2018 முதல் சென்னை மாவட்டத்தில். ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது, பூந்தமல்லி நகராட்சி. இரண்டுமே திருவள்ளூர் மாவட்டம். வீட்டு வரி ரசீது அந்தந்த இடத்தது தானா என்று பாருங்கள்.

"பேங்க் வக்கீல் பாத்து லோன் குடுத்துட்டாரே" என்று நினைக்கலாம். அவர் பார்ப்பது வங்கிக்காக. உங்கள் கேள்விகளுக்கு நீங்களே ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சொற்பம்.

செலவு எவ்வளவு? 60 லட்ச ரூபாய்க்குப் பழைய தனி வீடு என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 5,40,000 ரூபாய். அதே விலைக்குப் புது அடுக்குமாடி வீட்டை முதல் விற்பனையில் வாங்கினால், 2023 டிசம்பரில் வந்த முறைப்படி 5 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 4,20,000. விலை 50 லட்சத்தைத் தொட்டாலே விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியது நீங்கள். மறந்தால் வட்டியும் அபராதமும் உங்களுக்குத்தான். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விகிதம் வேறு, அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி அட்வான்ஸ். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகத் தருவதற்குச் சட்டத்தில் இடமில்லை. வங்கி வழியாக அனுப்புங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவதும் 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற வரி அதில் இருக்கட்டும்.

கிரயம் பதியும் நாளன்று காலை பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இன்னொரு முறை பாருங்கள். கடைசி வாரத்தில் அதே வீட்டுக்கு வேறொருவர் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால், பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.